குலம் அண்ணையின் துவக்குக்குப் புதுக்கட்டை போட்ட கதை

“...கையிலை பிழையெண்டால் சுட்ட குண்டெல்லாம் ஒரே பக்கமா எல்லோ போகவேணும்? இது ஒண்டு மேலை, ஒண்டு இடப்பக்கம், ஒண்டு எங்கை போனதெண்டே தெரியாது. அப்ப பிழை கட்டையிலைதான், தம்பி. என்னிலை இல்லை.”

குலம் அண்ணை இதைச் சொல்லிக்கொண்டேதான் பட்டறைக் கதவைத் திறந்து உள்ளே வந்தார். தொடக்கத்தை வெளியே வாகனத்துக்குள் இருந்தே தனக்குத்தானே சொல்லி முடித்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது பின்பாதிதான். துவக்குப் பெட்டியை என் மேசையில் வைத்தார். வைத்த கையை உடனே ஜக்கெற் பைக்குள் விட்டுக்கொண்டார்.

விபோர்க் என்ற டேனிஷ் ஊர்ப் பக்கத்தில் வேட்டைத் துவக்கு, அதாவது துப்பாக்கி, திருத்தும் பட்டறை ஒன்றில் மரவேலைக்காரனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். படித்து வந்தவன் அல்லன். முதலில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் கதிரைக் கால் கடைந்தேன். அது மூடப்பட்ட பிறகு, மரம் தெரிந்த ஆள் வேண்டும், துவக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று யாரோ சொல்லக் கேட்டு இங்கே வந்து சேர்ந்தேன். துவக்கின் கட்டை என்றால் தோளில் வைத்துப் பிடிக்கிற மரப்பகுதி. அதுதான் என் வேலை. இப்போது இந்த மாதிரிக் கைவேலைக்குப் புதிதாய் வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். உளி பிடிக்கிற விதத்தை நான் எழுதப்போவதில்லை, அதை மேசையில் நின்று பழகிக்கொள்வீர்கள். மேசையில் பழக முடியாத ஒன்றை எழுதுகிறேன். இதற்கு நல்ல முடிவு ஒன்றும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பட்டறையை நடத்தியவர் என்னைவிட வயது குறைந்த ஒரு டேனிஷ் பெண். முதலாளி என்றே எழுதுகிறேன், பேரைப் போட்டால் கோபிப்பார். அவர் சொல்கிற வாசகங்களை நான் சேர்த்து வைத்திருக்கிறேன், சிலர் முத்திரை சேர்ப்பது போல. “மரத்துக்கு நியாயம் சொல்லாதை, அது கேட்டுக்கொண்டிருக்காது” என்பார். “வாடிக்கையாளர் சொல்லுறதைக் கேள், துவக்குச் சொல்லுறதை நம்பு” என்பார். இந்த இரண்டாவது வாசகம் எனக்குப் பல வருடம் உதவியது. குலம் அண்ணை விஷயத்தில் மட்டும் அதை மறந்திருக்கலாம் என்று பட்டது.

குலம் அண்ணை இக்காஸ்ட் என்ற ஊரில் இருப்பவர். துணி ஆலையில் பின்னல் இயந்திரத்தில் காலம் முழுக்க ஷிப்ட் வேலை. அந்த இரைச்சலில் காது பாதி போய்விட்டது. அவருடைய தொலைபேசி எப்போதும் உச்சச் சத்தத்தில் இருக்கும், மற்றப் பக்கம் பேசுவது பக்கத்தில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும். அங்கே வேலை செய்த டேனிஷ்காரர் சிலர் சேர்ந்து ஒரு காட்டை வேட்டைக்குக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அவர்களுக்குள் ஒருவராக அண்ணையையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர் வேட்டை உரிமத்துக்குப் படித்து, டேனிஷில் சோதனை எழுதி, துவக்குச் சுட்டுக் காட்டிச் சித்தியடைந்தார். ஆலை பிறகு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. வேட்டைக் குழு மட்டும் மிஞ்சியது.

எங்கள் ஆட்களிடம் அவர் பட்ட கேலி கொஞ்சமல்ல. கோயிலில் ஒருவர், “என்ன குலம், சைவப்பழம் மான் பிடிக்கப் போறியாம்?” என்று கேட்க, “முருகன் வள்ளியிட்டை வேடனாத்தான் போனவர். உங்கடை நிர்வாகத்திட்டைக் கேட்டுக்கொண்டே போனவர்?” என்று கேட்டாராம். அவருடைய மனைவி, நாங்கள் பவளம் அக்கா என்போம், சுத்த சைவம். மான் இறைச்சி அவருடைய குசினி வாசலைத் தாண்டக்கூடாது. அதனால் அண்ணை கராஜுக்குள் எரிவாயு அடுப்பு வைத்து, தூள் போட்டு, மான் கறி காய்ச்சி வேட்டைக் குடிலுக்குக் கொண்டுபோவார். டேனிஷ்காரர்கள் மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த முறையும் கொண்டு வா என்பார்களாம். “அந்த மேசையிலை நான் இருந்தால்தான் தம்பி, என்னைக் குலம் எண்டு ஒரு ஆளாப் பாக்கிறாங்கள்” என்று ஒருமுறை சொன்னார். மற்ற இடங்களில் அவர் ஓய்வூதியம் எடுக்கிற, காது கேளாத ஒரு வெளிநாட்டுக்காரர்.

அந்த மேசையில் இருக்கிற இடத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

முந்தின வருடம் அவர் சுட்ட ஆண்மான் ஒன்று விழவில்லை. பின் தொடையில் பட்டு ஓடிவிட்டது. இந்த நாட்டில் அப்படி நடந்தால் சும்மா வீட்டுக்குப் போக முடியாது. காயப்பட்ட மிருகத்தை மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாயோடு ஆளைக் கூப்பிட வேண்டும். நாய்க்காரர் வந்தார். அன்றைக்குக் கிடைக்கவில்லை. அடுத்த நாள் ஒரு தேவதாருக் கன்றுத் தோட்டத்துக்குள் கண்டுபிடித்தார்கள். அது இன்னும் உயிரோடு இருந்தது. அண்ணை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குழுத் தலைவர் ஹென்னிங், அண்ணையோடு ஒரே ஷிப்டில் நின்றவர், தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாராம்: இன்னொரு முறை இப்படி நடந்தால் நீ துவக்கு இல்லாமல் வா, குலம். எங்களோடு இருந்து கோப்பி குடி.

“கோப்பி குடிக்கவாம்” என்று எனக்குச் சொன்னபோது அண்ணையின் வாய் ஒரு பக்கம் இழுபட்டது. “விருந்தாளியா வரட்டாம்.”

இந்த வருடப் பருவம் மே மாதத்தில் திறக்கிற காலையில் அவர் மரத்தில் கட்டிய இருக்கையில் ஏறி இருக்க வேண்டும். துவக்கை என்னிடம் கொண்டுவந்தபோது அதற்கு அதிக நாள் இல்லை.

நான் துவக்கை வெளியே எடுத்தேன். கட்டை புதிது. பழையது படியில் விழுந்து கழுத்தோடு வெடித்துவிட்டதாம், பனி சறுக்கினதாம். புதிதாய் ஒரு வால்நட் கட்டையை இணையத்தில் வாங்கி, வீடியோ பார்த்துத் தானே பூட்டியிருக்கிறார். திருகாணிகளைக் கழற்றி இரும்பை மரத்திலிருந்து தூக்கினேன். பட்டறை முழுக்க ஒரு வாசம் எழும்பியது. முதலாளி பின் அறையிலிருந்து தலையை நீட்டினார்.

“என்ன வாசம் இது? சமைக்கிறியோ?”

எனக்கு அந்த வாசம் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளின் தலை வாசம்.

“அண்ணை, இதுக்கு என்ன பூசினீங்கள்?”

“வீடியோவிலை சொன்னவன், பிசின் இரும்பிலை ஒட்டாமல் இருக்க ஏதோ பூசவேணுமெண்டு. கடையிலை விக்கிற சாமானிலை என்ன கிடக்கு? எண்ணெய்தானே. பவளத்தின்ரை தேங்காயெண்ணெய் நல்ல எண்ணெய்.”

இதைப் புதியவர்களுக்கு விளக்க வேண்டும். துவக்கு வெடிக்கிற ஒவ்வொரு முறையும் இரும்பு பின்னால் உதைக்கும். அந்த உதையை வாங்க இரும்பின் கீழே ஒரு பல் மாதிரிக் கட்டி இருக்கிறது. அது மரத்தில் மயிரிழையும் அசையாமல் உட்கார வேண்டும். அதற்காக இடையில் எபொக்சிப் பிசின் ஊற்றி, இரும்பின் அச்சு அப்படியே பதிகிற மாதிரி ஒரு படுக்கை எடுப்போம். இரும்பில் பிசின் ஒட்டிவிடாமல் மெல்லிய மெழுகு ஒன்று தேய்ப்போம், கண்ணுக்கே தெரியாத அளவு. அண்ணை மாசி மாதத்தில், கராஜுக்குள், குளிர்ந்த இரும்பில் தேங்காய் எண்ணெயைப் பூசியிருக்கிறார். அது பூசின உடனே வெள்ளையாய் உறைந்து தடித்துப்போயிருக்கும். பிறகு பிசின் இறுகும்போது அதில் ஒரு சூடு வரும். அந்தச் சூட்டில் எண்ணெய் உருகிப் பிசினுக்குள் போய்விட்டது. படுக்கை தேன்வதை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. சில இடம் இன்னும் பிசுபிசுத்தது. பல்லுக்குப் பின்னால் ஒரு காசு நுழைகிற இடைவெளி. மிஞ்சின எண்ணெயை மரம் குடித்துவிட்டது. புதிதாய் ஊற்றினாலும் அந்த மரம் இனிப் பிசினைப் பிடிக்காது.

டேனிஷ்காரன் எவனும் இந்தப் பிழையை விட்டிருக்க முடியாது. எங்கள் வீட்டு அலுமாரியில் மட்டும் இருக்கிற பிழை அது.

“அண்ணை, இந்தக் கட்டை சரிவராது. வேறை கட்டைதான் போடவேணும்.”

அவருடைய முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. “பாத்தியே! நான் சொன்னன். ஹென்னிங்குக்குச் சொல்லு, பட்டறைக்காரனே சொல்லுறான் எண்டு.” உடனே தொலைபேசியை எடுத்து ஹென்னிங்கை அழைத்தார். கட்டையில் பிழையாம், புதுசு போடுகிறார்களாம், போன வருடமும் பழைய கட்டை உள்ளே வெடித்துத்தான் இருந்திருக்கும் என்று டேனிஷில் சொன்னார். ஹென்னிங்கின் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. “நல்லது குலம், நல்லது. உனக்காகச் சந்தோசப்படுறன்.”

அந்த மகிழ்ச்சியில் முதலாளி எல்லோருக்கும் கோப்பி ஊற்றினார். அண்ணை தன் கோப்பையைத் தொடவில்லை. கதைத்துக்கொண்டே இருந்தார். நான் கிண்ணம் கழுவப் போய் வாசலால் திரும்பிப் பார்த்தபோது, ஆள் இல்லை என்று நினைத்து, அவர் குனிந்து, கோப்பையை மேசையிலேயே வைத்தபடி வாயைக் கொண்டுபோய்க் குடித்தார். வலக்கை கோப்பையின் காதைப் பிடித்திருந்தது. கோப்பையும் தட்டும் ஒன்றோடொன்று மோதி ஒரு சின்னச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவருக்கு அது கேட்கவில்லை.

அவர் போன பிறகு முதலாளி கேட்டார். “நீயும் கண்டனிதானே?”

“ஓம்.”

“அப்ப சொல்லு அவருக்கு. கட்டை பிழை, கையும் பிழை எண்டு.”

“எங்களிலை மூத்த ஆளுக்கு அப்பிடி முகத்துக்கு நேரை சொல்ல ஏலாது.”

“அப்ப எப்பிடிச் சொல்லுவீங்கள்?”

“சொல்லமாட்டம். அவையே விளங்கிக்கொள்ளுவினம்.”

“விளங்காட்டி?”

நான் மத்தியானத்துக்குக் கொண்டுவந்த கறுப்புப் பாணைக் கடித்தேன்.

“நீ மரத்தைத் திருத்து. மனுசரைத் திருத்துறது இந்தப் பட்டறையின்ரை வேலை இல்லை” என்றார் அவர். பிறகு கொஞ்சம் பொறுத்து, “ஆனால் ஒரு மிருகத்தைக் காயப்படுத்திற துவக்கு இந்த இடத்தாலை வெளியிலை போகாது. அதுவும் எங்கடை வேலைதான்” என்றார்.

அந்தக் கிழமை பவளம் அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். தட்டிக் கழிக்கச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். உயிர்க்கொலை பாவம் என்று இருபது தரமாவது எனக்கே சொன்னவர்.

“தம்பி, இவரின்ரை துவக்கை வடிவாத் திருத்திக் குடு.”

“அக்கா, நீங்களா சொல்லுறீங்கள்?”

“நான்தான் சொல்லுறன். போன வருசம் அந்த மான் சம்பவத்துக்குப் பிறகு மனுசன் யன்னலுக்குப் பக்கத்திலை கதிரையைப் போட்டுட்டு இருக்கிறார். கோயிலுக்கு வாறேல்லை. மகள் கொப்பன்ஹேகனிலை இருந்து எடுத்து டேனிஷிலை ஏதோ சொல்லுறாள், அப்பா வேறை பொழுதுபோக்குத் தேடுங்கோ எண்டாக்கும். இவர் போனை என்னட்டைத் தந்திடுவார். அந்த வெள்ளைக்காரரோடை போய் வாற அண்டைக்கு மட்டும்தான் இந்த வீட்டிலை ஒரு ஆம்பிளைக் குரல் கேக்கிறது.”

நான் கேட்டேன். “அக்கா, அண்ணைக்குக் கை...”

“தெரியும்.” அவர் உடனே சொன்னார். “எனக்குத் தெரியும் எண்டு அவருக்குத் தெரியாது. சோறு போடேக்கை கரண்டியைப் பெரிசா எடுத்து வைக்கிறன், சிந்தாமல் இருக்க. குளிர் எண்டு சொல்லுறார், நானும் ஓம் குளிர்தான் எண்டுறன். மே மாதத்திலை என்ன குளிர்? நீ திருத்திக் குடு தம்பி. பிறகு கடவுள் பாத்துக்கொள்ளட்டும்.”

புதுக்கட்டை வந்தது. பிள்ளைகளே, நான் செய்த வேலையிலே எது நல்லது என்று யாராவது கேட்டால் அந்தக் கட்டையைத்தான் சொல்வேன். இதைப் பெருமைக்கு எழுதவில்லை. படுக்கை ஊற்றிவிட்டு, அது இறுகும்வரை நான் யோசித்த யோசனையை உங்களுக்குச் சொல்ல எழுதுகிறேன். கை கொஞ்சம் தளர்ந்தால் போதும். ஒரு திருகாணியைக் கால் சுற்றுக் குறைவாக இறுக்கினால் போதும். துவக்குச் சுடும், ஆனால் கொஞ்சம் அலையும். அண்ணைக்குச் சொல்ல ஒரு சாட்டு மிஞ்சும். ‘பட்டறைக்காரன் சரியாச் செய்யேல்லை’ என்று என்னைத் திட்டிக்கொண்டு அவர் காலத்தை ஓட்டலாம். நான் அந்தத் திட்டைத் தாங்குவேன். ஆனால் அப்படி அலைகிற துவக்கோடு அவர் அந்த இருக்கையில் ஏறுவார். மானுக்கு அந்தச் சாட்டு விளங்காது.

அதனால் வேலையைச் சரியாகச் செய்தேன். செய்யச் செய்ய எனக்குத் தெரிந்தது, நான் இந்த மனிதனிடம் மிஞ்சியிருந்த ஒரே மறைப்பை இழைத்து எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று.

யாராவது ஒரு பொருளைத் திருத்தக் கொண்டுவந்தால், அந்தப் பழுது அவருக்காக எதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பார்த்துவிட்டுத் திருத்தத்தான் வேண்டும். பார்ப்பதால் உங்கள் கை வேறு விதமாக வேலை செய்யாது. ராத்தூக்கம் மட்டும் கெடும். இதைவிட நல்ல பாடம் என்னிடம் இருந்தால் தந்திருப்பேன்.

சுட்டுப் பார்க்கிற நாளில், ஊர்ச் சூட்டுக் கழகத்தின் மைதானத்துக்கு நானும் முதலாளியும் முதலில் போனோம். முதலில் பட்டறை ஆள் சுட்டுக் காட்ட வேண்டும், பிறகு சொந்தக்காரர் சுடுவார். அதுதான் எங்கள் வழக்கம். அண்ணை வருவதற்கு முதலே சுட்டு முடித்துவிடலாமா என்று முதலாளியை மெல்லக் கேட்டேன்.

“ஏன்?”

“நீங்கள் சுட்டதை அவர் காணாமல் இருந்தால்...”

“காசு குடுக்கிறவர் காணவேணும். எப்பவும் அப்பிடித்தானே செய்யிறம்.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “அவருக்காக மட்டும் வழக்கத்தை மாத்தினால், அவருக்கு அது தெரியாமல் போகுமெண்டு நினைக்கிறியோ?”

அவர் சொன்னது சரி. நான் மணல் பையைத் தூக்கி வைத்தேன்.

அண்ணை வந்ததும் முதலாளி கதிரையில் உட்கார்ந்து, மூச்சை விட்டு, மூன்று முறை சுட்டார். இலக்கு அட்டையை எடுத்து வந்தபோது மூன்று ஓட்டையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தன. பெருவிரலால் மூடலாம். இரும்பு கட்டையில் அசையவில்லை, குழல் எங்கேயும் முட்டவில்லை. நல்ல துவக்கு.

“வடிவு” என்றார் அண்ணை. குரல் மட்டும்தான் வந்தது.

அவர் அதே கதிரையில் உட்கார்ந்தார். துவக்கைத் தோளில் வைத்தபோது நான் பக்கத்தில் நிற்காமல் நாலடி தள்ளிப் போனேன். குழலின் நுனியைப் பார்க்க விரும்பவில்லை. சுட்டார். சுட்டார். கொஞ்சம் பொறுத்துச் சுட்டார். அட்டை வந்தது. ஒன்று மேலே, ஒன்று இடப்பக்கம், மூன்றாவது அட்டையிலேயே இல்லை.

“குழல் சூடாகிப்போச்சு” என்றார். ஆறும்வரை காத்திருந்தோம். முதலாளி புது அட்டை குத்திவிட்டு வந்தார். அண்ணை திரும்பச் சுட்டார். அதே கதை.

“காத்து.”

மைதானத்துக் கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதை அவரும் பார்த்தார்.

“நான் இந்த ஸ்கோப்புக்குப் பழகேல்லை.” துவக்கில் பூட்டியிருந்த அந்தக் குறிபார்க்கிற கண்ணாடி அவருடைய பழைய ஸ்கோப்தான். அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள் அவருக்கே அது நினைவு வந்தது. ஒரு மனிதன் தன்னிடம் இருக்கிற சாட்டு எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கீழே வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது ஒரு வேலை. அதற்கு எந்தப் பட்டறையும் உங்களைப் பழக்காது.

திரும்பிப் பட்டறைக்கு வந்தோம். முதலாளி துவக்கைத் துடைக்கத் தொடங்கினார். அண்ணை என் பக்கத்தில் வந்து, தமிழில், குரலைத் தாழ்த்திக் கேட்டார். காது கேளாதவர் தாழ்த்தினால் எவ்வளவு தாழும்? ஆனால் தமிழ் என்பதால் முதலாளிக்கு விளங்கவில்லை.

“தம்பி, நான் பூட்டின அந்தக் கட்டையை எறிஞ்சுபோட்டியே?”

“இல்லை அண்ணை. ஏன்?”

“அதைத் திருப்பிப் பூட்டித் தா.”

“அண்ணை, அது ஆடுது. உங்களுக்கே தெரியும்.”

“தெரியும் எண்டுதானே கேக்கிறன்.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மேசையில் கிடந்த மரத்தூளைப் பார்த்தார்.

“நான் சுடமாட்டன் தம்பி. சத்தியமா விசையிலை விரல் வைக்கமாட்டன். சும்மா வைச்சுக்கொண்டு இருக்கையிலை இருப்பன். ஆராவது கேட்டால் கட்டை பிழை எண்டு சொல்லுவன். காட்டச் சொன்னால் காட்ட ஒரு பிழை வேணும் எல்லோ?”

“என்ன கேக்கிறார்?” என்று முதலாளி டேனிஷில் கேட்டார்.

மொழிபெயர்க்கிற ஆளுக்கு எப்போதும் ஒரு கணம் கிடைக்கும், அதில் அவர் என்ன வேண்டுமென்றாலும் சொல்லலாம். துடைக்கத் துணி கேட்கிறார் என்று சொல்லியிருக்கலாம். நான் அண்ணை கேட்டதை அப்படியே சொன்னேன்.

முதலாளி துணியைக் கீழே வைத்தார். கோபிக்கவில்லை. அண்ணைக்கு நேரே திரும்பி, மெதுவாக, வாயசைவு தெரிகிற மாதிரிச் சொன்னார். “இல்லை, குலம். அந்தக் கட்டை இந்தக் கதவாலை வெளியிலை போகாது. நீங்கள் சுடமாட்டீங்கள் எண்டதை நான் நம்புறன். ஆனால் மான் வந்து முன்னாலை நிக்கேக்கை நீங்களே உங்களை நம்புவீங்களோ எண்டு எனக்குத் தெரியாது.”

அண்ணை தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார், தலை தானாக ஆடுகிறதா, அவர்தான் ஆட்டுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு தொலைபேசியை எடுத்து டேனிஷில் பேசினார்.

“ஹென்னிங், குலம் பேசுறன். துவக்குச் சரிவரேல்லை. பட்டறைக்காரர் எல்லாம் செய்து பாத்திட்டினம், திருத்த ஏலாதாம். நான் இந்தமுறை வரேல்லை.”

முதலாளியின் கைக்குள் அந்தத் துவக்கு இருந்தது. அவருடைய பட்டறையின் பேரை அவருக்கு முன்னாலேயே ஒருவர் கெடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் வாயைத் திறக்கவில்லை. அண்ணைக்கு அந்தப் பொய்யை அப்படியே விட்டுக்கொடுத்தார். நான் அவரிடம் கண்ட எல்லாவற்றிலும் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். அந்த ஒரு கணம் எல்லாம் சரிவந்துவிட்டது என்றும் நினைத்தேன்.

ஹென்னிங்கின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“அட, அதுக்கு ஏன் வராமல் இருக்கிறாய்? என்னட்டை இன்னொரு துவக்கு இருக்கு. நல்ல துவக்கு, பிழையே விடாது. அதை உனக்குத் தாறன். காலையிலை நானே வந்து உன்னை ஏத்திறன். எல்லாரும் உன்ரை கறியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாங்கள், குலம். நீ இல்லாமல் என்ன வேட்டை?”

அவ்வளவு அன்பாக ஒருவர் கதைக்கும்போது எந்தப் பக்கத்தால் தப்பி ஓடுவது?

“குலம்? இருக்கிறியா? கேக்குதா?”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

“குலம்?”

அண்ணை தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். நான் உடனே வாங்கவில்லை. அவர் என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் அதை வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடித்துவிட்டார். “நீ சொல்லு, தம்பி, பிழை கட்டையிலை இல்லையெண்டு. அவனுக்கு விளங்கிறமாதிரி, அவங்கடை பாசையிலை சொல்லு” என்றார். பிறகு முதலாளியின் கையிலிருந்து துவக்கை வாங்கிப் பெட்டிக்குள் படுக்க வைத்து, மூடியைச் சாத்தி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கொளுவியை மாட்டப் பார்த்தார். அது விரலுக்குள் நிற்காமல் வழுகியது. இடக்கையால் வலக்கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திரும்ப மாட்டப் பார்த்தார்.